சாட்சியின் கண்ணும் நீதியின் தராசும்

'கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பது நம் வீட்டு முதியோர் அடிக்கடி கூறும் பழமொழி. காதாற் கேட்டது பொய்யாகலாம். கண்ணாற் கண்டது எங்ஙனம் பொய்யாகும் என்று மாணவர் சிலர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடை பகரும் வழக்கொன்றை இவ்வாரம் எடுத்துரைப்போம்.

இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில், போலந்தின் தலைநகராகிய வார்சோவுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 50 மைல் தொலைவில், டிரெப்லிங்கா என்னும் கொலைக்களத்தை நாஜிகள் அமைத்தனர். 1942ஆம் ஆண்டு ஜூலை முதல் ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்துள், 7 இலட்சத்துக்கும் அதிகமான யூதர் புகையிரதங்களிற் கொண்டுவரப்பட்டு, நச்சுவாயு அறைகளிற் கொல்லப்பட்டனர். 1943 ஆகஸ்ட் 2ஆம் நாள் கைதிகள் கிளர்ந்தெழுந்தனர். தப்பியோடி, யுத்த முடிவு வரை உயிரோடிருந்தோர் மிகச் சிலரே.

அங்கே நச்சுவாயு இயந்திரத்தை இயக்கிய காவலன் ஒருவனை, அவன் இழைத்த கொடுமைகளால், கைதிகள் 'கொடிய இவான்' என்றே அழைத்தனர்.

யுத்தம் முடிந்து ஆண்டுகள் பல கழிந்தன. உக்ரேனிற் பிறந்து, அமெரிக்காவிற் குடியேறி, மோட்டார்த் தொழிற்சாலையில் வேலைபார்த்த ஜோன் டெம்ஜான்ஜுக் என்பவரின் படத்தை, வேறு சில படங்களோடு சேர்த்து, டிரெப்லிங்காவில் உயிர் தப்பியோரிடம் காட்டினர். அவர்களுட் சிலர், "இவனே அவன்" என்றனர். 1986இல் அவர் இஸ்ரவேலுக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டு எருசலேமில் விசாரணை தொடங்கிற்று.

உற்றாரையெல்லாம் இழந்த முதியோர் ஒருவர்பின் ஒருவராகச் சாட்சி கூறினர். அவருள் ஒருவர் எதிரியின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, அருகிற் சென்று அவர் கண்களை உற்றுநோக்கினார். ஐயமே இல்லை, இவனே இவான் என்று கதறினார். கேட்டோர் கண்ணீர் வடித்தனர். 1988இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

ஆயினும் முரண்பாடுகள் இருந்தன. அதே சாட்சி, யுத்தம் முடிந்த சில ஆண்டுகளுள் அளித்த வாக்குமூலத்தில், கிளர்ச்சியின்போது இவான் கொல்லப்பட்டான் என்று கூறியிருந்தார். படங்களைக் காட்டிய முறை பிழையானது என்று ஒல்லாந்து நாட்டு உளநூல் அறிஞர் வாகனார் எடுத்துக்காட்டினார். பின்னர், சோவியத் ஆட்சி வீழ்ந்தபோது அதன் பழைய ஏட்டுக்களும் வெளிவந்தன. டிரெப்லிங்காவில் முன்பு காவல்புரிந்தோர் பலர் அளித்த வாக்குமூலங்களில், கொடிய இவானின் குடும்பப் பெயர் மார்ச்சென்கோ என்றிருந்தது!

1993 ஜூலை 29ஆம் நாள், இஸ்ரவேலின் உயர்நீதிமன்றத்து நீதிபதிகள் ஐவரும் ஒருமனதாக அவரை விடுதலை செய்தனர். அவர் குற்றமற்றவர் என்று நம்பியதனாலன்று. நியாயமான ஐயம் எழுந்தமையால். கொலையுண்டோர் இனத்தாரே அமைத்த நீதிமன்றம் அது. வெளியே உறவிழந்தோர் மனங்கொதித்து நின்றனர். அந்நிலையிலும் தராசு சாயவில்லை.

அவ்வாறாயின் அந்த முதியோர் பொய்யுரைத்தனரா? இல்லை. நச்சுவாயு அறையும், இயந்திரமும், இவானும் உண்மை. அவர்கள் கண்ட கொடுமை அணுவளவும் பொய்யன்று. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு முகத்தை இனங்காணும்போதே நினைவு இடறிற்று. செயலை மறவாத நெஞ்சமும் முகத்தை மறக்கக்கூடும்.

கதை அங்கே முடியவில்லை. டெம்ஜான்ஜுக் சோபிபோர் என்னும் வேறொரு கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டதைக் காட்டும் அடையாளச் சீட்டு ஒன்று இருந்தது. 2009இல் அவர் ஜேர்மனிக்கு அனுப்பப்பட்டார். மூனிச் நகர விசாரணையில், சோபிபோரில் உயிர் தப்பியவர் ஒருவர், அம்முகாம் எவ்வாறு இயங்கிற்று என்பதை விவரித்தார். எதிரியின் முகம் தமக்கு நினைவில்லை என்றும் ஒளியாது கூறினார். அவர் அங்கே காவலராயிருந்தார் என்பதைப் பத்திரங்கள் நிறுவின. 2011இல், 28,000க்கு மேற்பட்டோரின் கொலைக்கு உடந்தையாயிருந்தார் என்று 5 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீடு முடியுமுன் 2012இல் அவர் இறந்தார்.

மாணவர்களே, துன்புற்றோர் சொல்லை மதித்துக் கேட்பது நம் கடமை. அதனை ஏனைய சான்றுகளோடு ஒப்புநோக்குவது அவரை அவமதிப்பதாகாது. ஆராயாது அளிக்கும் தீர்ப்பு நிரபராதியை வருத்துவதோடு, உண்மைக் குற்றவாளியையும் தப்பவிடும். தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் கூறியதன் பொருள் இதுவேயாம்.