அரசு மருத்துவமனைகளில் காந்தக் குறி வசதி கோரும் மனு

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் கட்டியின் இடத்தைக் காட்டும் காந்தக் குறியை அரசு மருத்துவமனைகளில் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

அரசு மருத்துவமனைகளில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற பெண்களும் குடும்பத்தாரும் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் சார்பில் இம்மனுவை அளிக்கிறோம்.

கைக்குத் தட்டுப்படாமல் மேமோகிராமில் மட்டும் தெரியும் கட்டியை எடுக்க, ஆபரேஷன் நாளன்று காலையில் நுனி வளைந்த மெல்லிய கம்பியை ஊசி வழியே செருகுகிறார்கள். மறுமுனை மார்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுருட்டி, பஞ்சு வைத்து, பிளாஸ்திரி ஒட்டித் தியேட்டர் வாசலில் உட்கார வைப்பார்கள். இரவிலிருந்து வெறும் வயிறு. கையைத் தூக்கினால் கம்பி நகர்ந்துவிடுமோ என்ற பயம். முந்தைய ஆபரேஷன் இழுத்துக்கொண்டே போனால் காத்திருப்பும் நீளும். எங்கள் உறுப்பினர்கள் பலர் பட்ட பாடு இது.

காந்தக் குறி வைத்தால் இந்த அவசரமே இல்லை. அரிசியளவே உள்ள, சுமார் 5 மி.மீ. நீள எஃகுத் துண்டு அது. பிரிட்டனின் எண்டோமேக் நிறுவனம் உருவாக்கிய மேக்சீட் என்னும் காந்தக் குறிக்கு 2016-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. பல நாள் முன்பே உள்ளே வைத்துவிடலாம்; வெளியே எதுவும் நீட்டாது. கையடக்கக் கருவியைத் தோல்மேல் நகர்த்தினால், குறியை நெருங்க நெருங்க ஒலி மாறி இடம் காட்டும். இதே வேலைக்குப் பயன்படும் அயோடின்-125 விதையைப் போல் இதில் கதிரியக்கம் இல்லை; அதற்கான உரிமமும் தேவையில்லை.

கம்பியின் தொல்லையைவிட எங்களை வருத்துவது ஒன்று உண்டு. ஆபரேஷனுக்கு முன் கீமோ கொடுத்தபின் சிலருக்குக் கட்டி ஸ்கேனிலேயே தெரியாத அளவு கரைந்துவிடுகிறது. குறி வைக்காமல் கீமோ தொடங்கியிருந்தால், எங்கே அறுப்பது என்று தெரியாமல் மார்பையே முழுதாக எடுக்க நேர்கிறது. மருந்து நன்றாக வேலை செய்த பெண்ணுக்கு இந்தக் கதி வரக்கூடாது.

ஆகவே, உரிய அனுமதிகளுடன் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியே காந்தக் குறியையும் அதைக் கண்டறியும் கருவியையும் வாங்கி, முதலில் மார்பக அறுவை சிகிச்சை அதிகம் நடக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குத் தர வேண்டுகிறோம். குறியின் செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். சாதாரண எஃகு அறுவைக் கருவிகள் அருகில் இருந்தால் அளவீடு குழம்பும். காந்தம் ஈர்க்காத அறுவைக் கருவிகளையும் சேர்த்தே வாங்காவிட்டால், வாங்கிய பொருள் அலமாரியில்தான் கிடக்கும். குறியைச் சுற்றி எம்.ஆர்.ஐ. படம் மறைந்துபோகும் என்பதால், எம்.ஆர்.ஐ. தேவைப்படுவோர் யார் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யவும், பேஸ்மேக்கர் உள்ளவர்களிடம் கவனமாக இருக்கவும் மருத்துவர்களுக்குப் பயிற்சி வேண்டும்.

இவை நடைமுறைக்கு வரும்வரை, கீமோவில் தொடங்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் மார்பைக் காக்க வாய்ப்பிருந்தால், சாதாரண டைட்டானியம் கிளிப்பையாவது கட்டிக்குள் வைக்க உத்தரவிடுங்கள். செலவு குறைந்த இம்முறை இந்திய மருத்துவர்களுக்குப் பழக்கமானதே. இதற்கான சுற்றறிக்கையை இம்மாதமே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும்