விடத் தெரிந்தவருக்கே மஹசீர்

முதல் நாளே மஹசீர் கிடைக்கும் என்று நம்பி ராமகங்கைக் கரைக்குப் போகிறவர் ஏமாந்து திரும்புவார். விடியற்காலையிலிருந்து வீசி, இழுத்து, மறுபடி வீசி, தோள்பட்டை கழன்றுபோன பிறகும் முள் வெறுமையாகவே இருக்கும். 'போதும்' என்று நினைக்கும் நேரத்தில் ரீல் அலறும். அந்த அலறலுக்காகத்தான் இத்தனை பாடு.

இது பழைய பைத்தியம். மதராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' என்று புத்தகமே எழுதினார். 1946-ல் கபினி ஆற்றில் சிக்கிய மஹசீரின் எடை 120 பவுண்டு, அதாவது 54 கிலோ.

அவ்வளவு பெரிய மீன் இன்று கனவு. அணைகள் முட்டையிடப் போகும் வழியை மறித்தன. வெடி வைத்தவர்கள் மடுக்களைக் காலி செய்தார்கள். இமயமலை ஆறுகளின் தங்க மஹசீர் அழிவை எதிர்நோக்கும் பட்டியலில் இருக்கிறது. காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் கூன்முதுகு மஹசீரின் நிலை அதைவிட மோசம். 2018-ல்தான் அதன் அறிவியல் பெயரே உறுதியாயிற்று. காவிரிச் சரணாலயத்தில் பெயர்பெற்ற தூண்டில் முகாம்கள் இருந்தன. 2012 வாக்கில் அங்கே தூண்டிலுக்குத் தடை வந்தது.

எனவே புதியவர் முதலில் வாங்க வேண்டியது கோல் அல்ல, அனுமதிச் சீட்டு. உத்தராகண்டில் ராமகங்கை, சரயுவும் காளியும் கூடும் பஞ்சேஷ்வர் போன்ற இடங்களுக்கு, ஆற்றை அறிந்த உள்ளூர் ஆளுடன் போவது நல்லது. மழைக்கு முந்தைய வசந்தமும், மழை ஓய்ந்து நீர் தெளியும் காலமும் ஏற்றவை. மழைக்காலம் இனப்பெருக்கக் காலம். அப்போது ஆற்றை விட்டுவிட வேண்டும்.

எட்டு முதல் பத்து அடிக் கோல், உறுதியான ரீல், 20 முதல் 30 பவுண்டு தாங்கும் நரம்பு, மின்னும் ஸ்பூன்கள் போதும். மஹசீரின் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கிறது. அது நெரித்தால் மெல்லிய முள் நிமிர்ந்துவிடும். ஆகவே தடித்த ஒற்றை முள்ளே நல்லது. அதன் நுனியில் உள்ள எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும்.

கவ்வியதும் மீன் வேகநீரில் பாயும். பதறிப்போய் ரீலின் பிரேக்கை இறுக்குவது புதியவர் செய்யும் முதல் தவறு. நரம்பு அறும், மீன் வாயில் முள்ளோடு போகும். ஓடவிட்டு, கோலின் வளைவால் களைப்பாக்கி, சுருக்கமாக முடிக்க வேண்டும். நீண்ட போராட்டம் பார்க்க அழகு, மீனுக்கு ஆபத்து.

கரைக்கு வந்தபின்தான் உண்மையான பரீட்சை. கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்ற வேண்டும். செவுளில் விரல் விட்டுத் தூக்கிப் போட்டோ எடுப்பது கொலைக்குச் சமம். தலையை நீரோட்டத்தை நோக்கித் திருப்பி, வயிற்றடியில் தாங்கிப் பிடித்தால் மூச்சு சீராகும். வலு வந்ததும் வாலை ஒரு வெட்டு வெட்டி அதுவே போய்விடும்.

விடுவதற்காகவே பிடிப்பதும் வதைதானே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் காவிரி முகாம்கள் இருந்த காலத்தில், முன்பு மீனைத் திருடியவர்களே காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் சம்பளம் வாங்கினார்கள். உயிரோடு இருக்கும் மீனால் பிழைப்பவன் ஆற்றில் வெடி வைக்க விடமாட்டான். அந்தக் கணக்கு பலிப்பது, புதியவர் மீனை எப்படி விடுகிறார் என்பதைப் பொறுத்தது.