சொல்லிவிட்டுப் போங்கள்!

என் ஓரகத்தி எம்.எட். படிக்கிறாள். 2014 விதிகளால் இரண்டு வருடமாக நீண்ட படிப்பு அது. ஆசிரியர் கல்வியியல் கல்லூரியில் நேரடிப் பயிற்சியும் உண்டு. பி.எட். மாணவிகள் பாடம் நடத்துவதைக் கவனித்துக் குறை நிறை சொல்ல வேண்டுமாம்.

பயிற்சியின் முதல் நாள், இரண்டு வயது மகன் அழுவானே என்று கொல்லைப்புறமாக நழுவிவிட்டாள். கட்டிலடி, குளியலறை என்று வீடெல்லாம் தேடி அழுதான் குழந்தை. மத்தியானம் சோறே இறங்கவில்லை.

"படிப்பே வேண்டாம்க்கா, நிறுத்திடறேன்" என்றாள் மாலையில்.

"நான் பத்தாவதோட நின்னவ. இன்னிக்கும் மனசு அடிச்சுக்குது. நீ நிறுத்தாதே, அவன்கிட்ட சொல்லிட்டுப் போ" என்றேன்.

மறுநாள், "விளக்கு வைக்கிறதுக்குள்ள அம்மா வந்துடுவேன்" என்று முத்தமிட்டுக் கிளம்பினாள். அழுதான், ஆனால் தேடவில்லை. நாலாம் நாள் வாசலில் நின்று டாட்டா காட்டினான்!

தாய்மார்களே, ஒளிந்து போகாதீர்கள். சொன்ன நேரத்துக்குத் திரும்பியும் விடுங்கள்.