செவ்வாய்க்கிழமைப் பந்தயம்

காரிமங்கலத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பிள்ளை எட்டாம் வகுப்பு. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதிலேயே குகேஷ் உலகச் சதுரங்க சாம்பியன் ஆனாரே, அன்று முதல் பையனுக்கு அவர்தான் தெய்வம். குகேஷ் பெயரில் செல்போனிலேயே ரசிகர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம். வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை ராத்திரி அதற்குள் ஒரு பந்தயம்.

"எங்கள் ஊரில் செவ்வாய்தான் சந்தை. மாடு, தேங்காய் எல்லாம் விற்றுத் தெரு ஓய்கிற நேரத்தில் இவன் உட்காருகிறான். ஜெயித்தால் தூங்கப் போய்விடுகிறான். தோற்றால்தான் ஆபத்து. 'இன்னும் ஒரே ஆட்டம் அம்மா' என்று 12 மணி ஆகிவிடுகிறது. போனைப் பிடுங்கி வைத்துவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

பிடுங்க வேண்டாம், அம்மா. அதற்கு முன்னால் ஒரு பழைய கதை.

ஆட்டக்காரர் ஒருவர் பெயரில் சங்கம் வைத்து ஆடுவது நமக்குப் புதிதல்ல. லாத்வியாவில் ரீகா நகரத்துக்காரர் மிகயீல் தால். 1960-ல், 23 வயதில், போத்வின்னிக்கைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனவர். யானையையும் குதிரையையும் தானாகவே பலி கொடுத்துவிட்டு எதிராளியைத் திணற அடிக்கும் மனிதர். அவர் பெயரில் 1972-ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் ஒரு சதுரங்க மன்றம் எழுந்தது. அதை ஆரம்பித்தவர் மானுவேல் ஆரோன். 1961-ல் இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் பெற்றவர். இந்தியாவில் அவர்தான் முதல்வர்.

அந்த மன்றத்துக்கு ஒரு சிறு பையன் வந்துகொண்டிருந்தான். பெயர் விசுவநாதன் ஆனந்த். அங்கே மின்னல் வேக ஆட்டம் நடக்கும். பலகை குறைவு, ஆட வந்தவர்கள் அதிகம். ஆகவே ஒரு விதி: ஜெயித்தவர் நாற்காலியை விட வேண்டாம், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். தன் முறை மறுபடி வரும் வரையில் என்ன செய்வது? மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம். எந்த நகர்த்தலில் கோட்டை விட்டோம் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்க்கலாம். நாற்காலியில் அதிக நேரம் இருக்க வேண்டுமானால் ஒரே வழி, தோற்காமல் இருப்பது! அந்தப் பையன் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனான். 2000-ல் உலக சாம்பியன்.

உங்கள் பிள்ளையின் சங்கத்தில் இல்லாதது அந்த வரிசைதான். தோற்ற மறு நிமிஷமே வேறொரு எதிராளி தயார். வெட்கப்படக்கூட அவகாசம் கிடையாது. எங்கள் காரியாலயத்து ஓவியர் ஒருவரும் இப்படித்தான் ஆடுகிறார். அதனால் தொடர்கதைப் படம் தாமதமாவது வேறு விஷயம்.

போன் ஆட்டம் வெறும் விளையாட்டு என்றும் தள்ளிவிட முடியாது. கொரோனா வருஷமான 2020-ல் சதுரங்க ஒலிம்பியாடையே இணையத்தில்தான் நடத்தினார்கள். ஆகஸ்டு 30-ம் தேதி இறுதிப் போட்டி, இந்தியாவும் ரஷ்யாவும். நடுவில் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் தொடர்பு அறுந்துபோயிற்று. முறையீடு போய், கடைசியில் இரு நாட்டுக்கும் தங்கம் என்று தீர்ப்பானது. தவிர, அந்தக் காலத்துப் பையன் ஆரோனின் மன்றத்துக்கு வர வேண்டுமானால் சென்னையில் வீடு இருக்க வேண்டும். காரிமங்கலத்துப் பிள்ளைக்கு அது ஒரு ராத்திரி பஸ் தூரம். இன்று அவன் கூடத்தில் உட்கார்ந்தபடியே எந்த ஊர்க்காரனோடும் மோதலாம். அந்தக் கதவைச் சாத்தாதீர்கள்.

செவ்வாய் ராத்திரி பந்தயம் இருக்கட்டும். மணி பத்தோடு சரி. ஞாயிற்றுக்கிழமை அவன் சிநேகிதர்கள் மூன்று நாலு பேரைத் திண்ணைக்குக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு பலகை போதும், இரண்டாவது வாங்கிவிடாதீர்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம். ஜெயித்தவன் உட்காரட்டும், தோற்றவன் தூணோரம் நிற்கட்டும். கடிகாரத்துக்குத்தான் அந்தப் போன் இருக்கிறதே!