வரி கட்டுவோம், கணக்குக் கேட்டுக் கட்டுவோம்!

உழைக்கும் தமிழ்க் குடும்பங்களே!

வீட்டுவரி நோட்டீஸ் என்றாலே நம் மக்களிடையே ஒரு நடுக்கம் உண்டு. ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சடித்த தாள் ஒன்று கதவிடுக்கில் செருகப்படுகிறது. அதில் ஒரு தொகை. அந்தத் தொகை எப்படி வந்தது, யார் போட்ட கணக்கு, சரியா தவறா என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. சிலர் கடன் வாங்கியாவது கட்டிவிடுகிறார்கள். சிலர் தாளை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. முன்னவர் கட்ட வேண்டாத பணத்தைக் கட்டுகிறார். பின்னவர் வட்டியையும் அபராதத்தையும் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

இந்த நகரத்தில் நம்மவர் வீடு எப்படி வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 1975 முதல் 1977 வரை நெருக்கடிநிலைக் காலத்தில் டில்லியில் சுமார் 7 லட்சம் மக்கள் இருந்த இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டார்கள் என்பார்கள். திரிலோக்புரி, மங்கோல்புரி, தட்சிண்புரி போன்ற மறுகுடியமர்வுக் காலனிகள் அப்படித்தான் நிரம்பின. 25 கஜ மனை, அதன்மேல் முதலில் தகரக் கூரை, பிறகு செங்கல், அதற்கும் பிறகு ஒரு மாடி. வீட்டு வேலை, கட்டட வேலை, துப்புரவு வேலை, சிற்றூழியர் வேலை என்று உழைத்துச் சேர்த்த காசு அந்தச் சுவர்களில் இருக்கிறது. அந்தச் சுவருக்கு எவ்வளவு வரி என்பது சில்லறை விஷயம் அல்ல.

முதலில் சட்டம் நடந்து வந்த வழியைப் பார்ப்போம். 1957-ஆம் ஆண்டின் டில்லி மாநகராட்சிச் சட்டப்படி, வீட்டுக்கு ஆண்டு வாடகையாக என்ன எதிர்பார்க்கலாம் என்று அதிகாரி மதிப்பிடுவார். அதன்மேல் வரி விதிப்பார். அந்த மதிப்பை அவர் எப்படிக் கண்டார் என்பது பல வேளைகளில் வீட்டுக்காரருக்குப் புரியாத மர்மம். எதிர்த்துப் பலர் நீதிமன்றம் போனார்கள். 1979 டிசம்பரில் தேவான் தவுலத் ராய் கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. சந்தையில் என்ன வாடகை கிடைக்கும் என்பது அளவுகோல் ஆகாது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கும் நியாய வாடகையைத் தாண்டி மதிப்புப் போடக்கூடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். 1984-இல் டாக்டர் பல்பீர் சிங் வழக்கில், சொந்தக்காரர் தாமே குடியிருக்கும் வீட்டுக்கும் அந்த நெறி பொருந்தும் என்று விளக்கப்பட்டது. அதிகாரி போட்ட மதிப்பு இறுதியானதல்ல என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று வேண்டுமா?

பிறகு முறையே மாறியது. 2003-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2004 ஏப்ரல் முதல் பரப்பளவு முறை வந்தது. இப்போது வீட்டுக்காரரே தம் வரியைக் கணக்கிட்டுக் கட்ட வேண்டும். நகரத்தின் காலனிகளை 'ஏ' முதல் 'எச்' வரை எட்டுப் பிரிவுகளாக வகுத்தார்கள். 2004-இல் 'ஏ' பிரிவுக்குச் சதுர மீட்டருக்கு 630 ரூபாய், 'ஜி' பிரிவுக்கு 200, 'எச்' பிரிவுக்கு 100 என்று அடிப்படை மதிப்பு வைத்தார்கள். இதைக் கட்டடப் பரப்பால் பெருக்கி, பிறகு கட்டடத்தின் வயது, கட்டுமானம், குடியிருப்பவர் யார், எதற்குப் பயன்படுகிறது என்னும் நான்கு காரணிகளால் பெருக்க வேண்டும். வருவது ஆண்டு மதிப்பு. அதன்மேல் சதவீதக் கணக்கில் வரி.

கணக்கு என்றதும் மிரள வேண்டாம். மளிகைக் கடையில் பற்றுக் கணக்குப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது கைவரும். 'ஜி' பிரிவில் 25 கஜ மனை, இரண்டு தளம், மொத்தம் 40 சதுர மீட்டர் கட்டடம் என்று கொள்வோம். 40-ஐ 200-ஆல் பெருக்கினால் 8,000. வீடு 1985-இல் கட்டியது என்றால் வயதுக் காரணி 0.8. ஆகவே 6,400. பக்கா கட்டடம், சொந்தக் குடியிருப்பு. ஆகையால் மற்றக் காரணிகள் எல்லாம் 1. வரி 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 448 ரூபாய். வயதைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் அதே வீட்டுக்கு 560. காகிதத்தில் ஓர் எண் விடுபட்டதால் நான்கில் ஒரு பங்கு கூடுதல்!

தவறுகள் பெரும்பாலும் நுழையும் இடங்கள் நான்கு.

ஒன்று, வயது. 1960-க்கு முந்திய கட்டடத்துக்குக் காரணி 0.5. 1960-களில் கட்டியதற்கு 0.6, 1970-களுக்கு 0.7, 1980-களுக்கு 0.8, 1990-களுக்கு 0.9. அதன்பின் கட்டியதற்கு 1. பழைய வீட்டைப் புது வீடு என்று எழுதினால் நஷ்டம் நமக்குத்தான்.

இரண்டு, பரப்பளவு. டேப் பிடித்து அளந்து பாருங்கள். மொட்டை மாடியை யாராவது கட்டிய தளம் என்று எழுதியிருக்கிறார்களா?

மூன்று, கட்டுமானம். பக்கா வீட்டுக்கு 1. அரைப் பக்காவுக்கு 0.7, கச்சா வீட்டுக்கு 0.5. தகரக் கூரையும் கான்கிரீட் தளமும் ஒன்றல்ல.

நான்கு, பயன்பாடு. இதுதான் மிகப் பெரிய பள்ளம். வியாபாரத்துக்கான காரணி 4. வாசல் அறையில் 10 சதுர மீட்டரில் இட்லிக் கடையோ இஸ்திரிக் கடையோ வைத்திருக்கிறீர்கள் என்றால், அந்த 10 மீட்டருக்குத்தான் நாலு மடங்கு. மேற்சொன்ன வீட்டில் அப்படிப் பிரித்துப் போட்டால் ஆண்டு மதிப்பு 11,200. முழு வீட்டையும் கடை என்று எழுதிவிட்டால் 25,600! பிழைப்புக்காக ஒரு மூலையில் அடுப்பு வைத்த குடும்பத்துக்கு இந்த வேறுபாடு எத்தகைய அடி என்று சொல்லத் தேவையில்லை.

சலுகைகளையும் கேட்டு வாங்க வேண்டும். பெண்கள், மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோருக்கு, தாம் குடியிருக்கும் ஒரு வீட்டில் 200 சதுர மீட்டர் வரை 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. மேற்சொன்ன 448 ரூபாய், வீடு அம்மா பெயரில் இருந்தால் 314 ரூபாய்க்கு இறங்கும். ஜூன் 30-க்குள் ஆண்டு வரியை ஒரே தவணையில் கட்டுவோருக்கும் தள்ளுபடி அளிப்பது வழக்கம். உரிமையுள்ளவர் கேட்காமல் விட்டால் கார்ப்பரேஷன் தேடி வந்து கொடுக்காது.

நோட்டீஸ் தவறு என்று தெரிந்தால் என்ன செய்வது? முதலில், அதில் குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். வாய்ப்பேச்சு எடுபடாது. மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பழைய ரசீது, மின்கட்டணச் சீட்டு, ஒதுக்கீட்டுத் தாள் எதையும் எறியாதீர்கள். அப்படியும் நியாயம் கிடைக்காவிட்டால், சட்டத்தின் 169-ஆம் பிரிவுப்படி மாநகராட்சி வரித் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் காலம் 30 நாள்தான். நாள் தவறினால் வழக்குத் தவறும்.

ஆனால் இங்கே ஒரு முள்வேலி இருக்கிறது. 170-ஆம் பிரிவு, தகராறில் உள்ள தொகையை முன்னதாகவே கட்டினால்தான் மேல்முறையீட்டை விசாரிக்கலாம் என்கிறது. ஷியாம் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவு செல்லும் என்றது. மனுவை ஏற்றுக்கொள்ளலாம், பணம் கட்ட அவகாசம் தந்து விசாரணையை ஒத்திவைக்கலாம் என்ற அளவில் மட்டும் கதவைச் சற்றே திறந்து வைத்தது. பங்களாக்காரருக்கு இது ஒரு காசோலை. தினக்கூலிக்காரருக்கோ பூட்டிய கதவு. தவறாகப் போட்ட வரியைத் தவறு என்று சொல்வதற்கே அந்த வரியைக் கட்ட வேண்டும் என்றால், ஏழைக்கு மேல்முறையீடு எங்கே இருக்கிறது?

'வரியே வேண்டாம் என்று போராடுவோமே' என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் யோசிக்க வேண்டும். தெருவைக் கூட்டுபவர் யார்? சாக்கடை அள்ளுபவர் யார்? அவர்களில் நம் மக்களும் உண்டு. 2020 அக்டோபரில் இந்து ராவ் மருத்துவமனையின் டாக்டர்கள் பல மாதச் சம்பளம் வராமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது மாநகராட்சி மருத்துவமனை. கஜானா காலியானால் முதலில் பட்டினி கிடப்பது துப்புரவுத் தொழிலாளி. அடுத்தது, காசில்லாமல் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் நோயாளி.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1978 ஜூனில் மக்கள் வாக்கெடுத்துச் சொத்துவரியைச் சொத்து மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் கட்டிவைத்தார்கள். முதியோர் வீடிழக்காமல் காப்பது என்பது அதன் பேச்சு. முதியோர் பயன்பெற்றது உண்மை. ஆனால் பெரிய கம்பெனிகளின் கட்டடங்களுக்கும் அதே காப்பு கிடைத்தது. உள்ளூர்ப் பள்ளிகளும் நூலகங்களும் வருமானம் இழந்தன. வரியைக் குறைக்கும்போது யாருக்குக் குறைக்கிறோம் என்று பாராவிட்டால், சிறியவர் பெயரைச் சொல்லிப் பெரியவர் தப்பித்துக்கொள்வார்.

தள்ளுபடித் திட்டங்களின் நிலையும் இதுவே. 2025-இல் டில்லி மாநகராட்சி, நடப்பாண்டு வரியையும் முந்திய ஐந்தாண்டு வரியையும் கட்டினால் அதற்கு முன்னுள்ள பாக்கி தள்ளுபடி என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பாக்கியில் சிக்கிய ஏழைக்கு அது உதவிதான். ஆயின் ஆண்டுதோறும் ஒழுங்காகக் கட்டிய ஏழைக்கு அதில் என்ன கிடைத்தது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூன் முதல் நாள் ஜங்புராவின் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. 370 குடிசைகளில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அவர்களுக்கும் இடம் தொலைதூர நரேலாவில். தகுதி உண்டா இல்லையா என்பதைக் காகிதமே தீர்மானித்தது. வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. அந்த மயக்கம் யாருக்கும் வேண்டாம். ஆனால் இன்ன ஆண்டில் இன்ன வீட்டில் இருந்தோம் என்று சொல்லும் துணைச் சான்று அது. ஆகவே வரியைச் சரியாகக் கட்டுவதும், ரசீதைப் பத்திரப்படுத்துவதும் நம் இருப்பைக் காக்கும் வேலையே.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. சிறு வீடுகளின் மேல்முறையீட்டுக்கு முன்பணம் கட்டும் விதியிலிருந்து விலக்கு வேண்டும். நோட்டீஸில் பரப்பு, வயது, காரணி என்று கணக்கு முழுவதும் எழுதப்பட வேண்டும். காலனிதோறும் முகாம் நடத்தி, தமிழ் அறிந்தவரையும் அமர்த்தி, மனுக்களை அங்கேயே பெற வேண்டும். பெரிய ஓட்டல்களிடமும் வணிக வளாகங்களிடமும் உள்ள பாக்கி முதலில் வசூலாக வேண்டும்.

தோழர்களே! இந்த வாரமே உங்கள் பழைய ரசீதை எடுத்து, நான்கு காரணிகளையும் சரிபாருங்கள். தெருவில் ஐந்து வீட்டார் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடியும். எழுதப் படிக்கும் பிள்ளைகள் கணக்குப் போடட்டும். தவறு கண்டவர்கள் தனித்தனியே போகாமல் ஒன்றாகப் போங்கள். தனி மனுவை மேஜைக்கடியில் போடலாம்; ஐம்பது மனுவைப் போட முடியாது. உரிய வரியை ஒரு காசு குறையாமல் கட்டுவோம். உரியதற்கு மேல் ஒரு காசும் கட்டமாட்டோம்!