கிதாரின் வயதைச் சீரியல் நம்பர் சொல்லாது

பழைய எலக்ட்ரிக் கிதார்களை விற்பவர்களும் வாங்குபவர்களும் வேறு எதில் முட்டிக்கொண்டாலும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். சீரியல் நம்பர் இருந்தால் போதும், அட்டவணையில் தேடினால் செய்த ஆண்டு தெரிந்துவிடும் என்கிறார்கள். இதில் பணம் இருக்கிறது. 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தம் கிதார் நிறுவனத்தை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். அதற்கு முன் செய்த கிதாருக்கு ஒரு விலை, பின்னால் செய்ததற்கு வேறு விலை. சில மாத வித்தியாசம் பெருந்தொகையாக மாறும் இந்தச் சந்தையில், அந்தச் சில மாதங்களைப் பிரித்துக் காட்டும் திறன் சீரியல் நம்பருக்கு இல்லை என்பதே என் வாதம்.

எண்கள் வரிசையாக ஏறுகின்றன, ஆகவே சிறிய எண் முந்தையது என்பது அவர்களின் முதல் நியாயம். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் இருந்த ஃபெண்டர் தொழிற்சாலையில் 1950களின் நடுவிலிருந்து 1976 வரை எண் அடித்தது கிதாரின் மரத்தில் அல்ல. கழுத்தை உடலோடு இறுக்கும் திருகுகளுக்கு அடியில் வரும் உலோகத் தகட்டில்தான். எண் அடித்த தகடுகள் மொத்தமாகப் பெட்டியில் கிடக்கும். பொருத்துகிறவர் கைக்கு வந்ததை எடுத்து மாட்டுவார். அடியில் போன தகடு எப்போது மேலே வரும் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. கிதார் கலைஞர் டேவிட் கில்மரிடம் இருந்த, ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல் கிதாரின் எண் 0001. 2019இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அது 18,15,000 டாலருக்குப் போனது. ஆனால் அது முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அல்ல. அதன் கழுத்தில் 1954 ஜூன் என்றும் உடலில் செப்டம்பர் என்றும் குறித்திருக்கிறது. அந்த மாடல் அதற்கு முன்பே விற்பனைக்குப் போயிருந்தது. 0001 என்ற எண்ணே முதலாவதைக் காட்டவில்லை என்றால், ஐந்திலக்க எண் ஒன்று 1963ஐயும் 1964ஐயும் பிரித்துக் காட்டும் என்று எப்படி நம்புவது? போதாக்குறைக்கு, நான்கு திருகுகளைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும்.

பிற்காலத்தில் ஃபெண்டரில் இதைச் சரிசெய்துவிட்டார்களே, எண்ணின் முன்னால் எழுத்து போட்டார்களே என்பார்கள். எஸ் என்றால் எழுபதுகள், ஈ என்றால் எண்பதுகள், என் என்றால் தொண்ணூறுகள். அடுத்த இலக்கம் ஆண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈ4 என்று அச்சிட்ட ஒட்டிகள் 1984க்குப் பிறகும் சில ஆண்டுகள் கிதார்களில் ஏறிக்கொண்டிருந்தன. 1990க்காக அடித்த ஒட்டிகளில் ஒரு பகுதி என்9 என்று தவறாக அச்சாகி, அப்படியே போயிற்று. இன்னொரு கிதார் நிறுவனமான கிப்சனின் கதை இன்னும் மோசம். 1960களில் ஒரே ஆறிலக்க எண்ணை ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் அடித்தார்கள். 1970களின் முற்பாதியில் அந்த எண்கள் மறுபடியும் வந்தன. இங்கே காப்பாற்றுவது எண் அல்ல, 1970 வாக்கில் எண்ணுக்குக் கீழே அழுத்தத் தொடங்கிய ‘மேட் இன் யுஎஸ்ஏ’ முத்திரைதான். 1977இலிருந்து கிப்சன் கொண்டுவந்த எட்டிலக்க முறை நேர்மையானது, ஒப்புக்கொள்கிறேன். 80325601 என்றால் முதல், ஐந்தாம் இலக்கங்கள் 85ஆம் ஆண்டைச் சொல்லும். நடுவிலுள்ள 032 அந்த ஆண்டின் 32ஆம் நாள், அதாவது பிப்ரவரி 1. ஒரு நல்ல முறை இருக்கிறது என்பதற்காக எல்லா எண்ணையும் அதே கண்ணால் பார்ப்பதுதான் கோளாறு.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் எண்ணை விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். வால்யூம் திருகுக்கு அடியிலிருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் 3046615 என்று இருக்கும். 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனம், 66 ஆண்டு, 15 அந்த ஆண்டின் வாரம். ஆகவே கிதார் 1966 ஏப்ரலில் பிறந்தது என்கிறார்கள். இல்லை. 1966 ஏப்ரலுக்கு முன் பிறக்கவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. அந்த ஆண்டு ஃபெண்டர் இவற்றை மொத்தமாக வாங்கிக் குவித்து, பின்வந்த ஆண்டுகளிலும் செலவழித்தது. கழுத்தின் அடிமுனையில் உள்ள முத்திரையும் இப்படித்தான். அதில் ‘2 மார் 63 பி’ என்று இருந்தால் மார்ச் 2 என்று படிப்பவர் பலர். அந்த 2 தேதி அல்ல, ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கான குறியீடு. பி என்பது கழுத்தின் அகலம். மார்ச் 63 என்பதும் கழுத்தின் மாதம்தான். கழுத்து ஒருபுறம், உடல் ஒருபுறம் தயாராகி, இரண்டும் சந்திக்கும்வரை அலமாரியில் காத்திருந்தன. கில்மரின் கிதாரில் இடைவெளி மூன்று மாதம்.

அப்படியானால் எதையுமே நம்ப முடியாது, எல்லாவற்றையும் மாற்றலாம், எண்ணையே வைத்துக்கொள்வோம் என்ற எதிர்வாதம் வரும். இதுதான் இருப்பதில் வலுவான வாதம், ஆனால் தலைகீழானது. ஒரு சாட்சியைப் பொய்யாக்குவது சுலபம். ஐந்து சாட்சிகளை ஒன்றுக்கொன்று முரணில்லாமல் பொய்யாக்குவது கடினம். 1962இன் நடுப்பகுதிவரை ஃபெண்டர் கழுத்தில் ரோஸ்வுட் விரற்பலகை தடித்துத் தட்டையாக ஒட்டியிருக்கும். பிறகு மெல்லிய வளைந்த ஏடாகிவிட்டது. 1965இன் பிற்பகுதியில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலை பெரிதானது. 1964 வாக்கு வரை உடலுக்கு வண்ணம் அடிக்கும்போது அதில் சிறு ஆணிகள் அடித்து, காய்ந்த பிறகு பிடுங்குவார்கள். ஆகவே அந்த ஓட்டைகளுக்குள் வண்ணம் இருக்காது, வெறும் மரம் தெரியும். பிற்காலத்தில் மறுவண்ணம் பூசிய உடலில் அந்த ஓட்டைக்குள்ளும் வண்ணம் இறங்கியிருக்கும், அல்லது ஓட்டையே அடைபட்டிருக்கும். பொட்டென்ஷியோமீட்டர் கம்பிகளை இணைக்கும் ஈயப் பற்று மங்கிப்போய், ஒருமுறைகூடச் சூடு படாமல் இருந்தால், அந்த வாரக் குறியீட்டுக்கு மதிப்பு உண்டு. புதிதாகப் பளபளத்தால் இல்லை. இவற்றில் முதலிலிருந்தே இருந்த பாகங்களுள் எது இளையதோ, கிதார் அதைவிட மூத்ததாக இருக்க முடியாது. கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒரு தேதியாக இராது, ‘1963 கோடையிலிருந்து 1964 தொடக்கம்’ என்பதுபோல ஒரு காலப்பகுதியாகவே இருக்கும். விற்பவருக்கு அது பிடிக்காது.

பிறந்த தேதி ஒன்று இருந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’யே பதில். 1970இல் நாஷ்வில்லில் வாங்கிய பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் மூன்றைப் பிரித்து, நல்ல பாகங்களைச் சேர்த்து அமைத்தது அது. 2004இல் 9,59,500 டாலருக்கு ஏலம் போனது. அதற்கு எந்தத் தேதியைக் கொடுப்பீர்கள்?

ஆகவே, பழைய கிதாருக்கு முன்பணம் கொடுக்கும் முன் கழுத்தைக் கழற்றி எடுத்த படத்தையும், முன்பலகையைத் திருப்பி உள்ளே எடுத்த படத்தையும் கேளுங்கள். எண்ணின் படத்தை மட்டும் அனுப்புகிறவருக்குப் பழமைக்கென்று கூடுதலாக ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.