குறைந்த கைதிகள், நிறைந்த பெருமை

இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்குச் சிறையிலிருப்போர் சுமார் 40 பேர். அமெரிக்காவில் 500க்கும் மேல். இவ்விரு எண்களை அருகருகே வைத்துவிட்டு, நம் பண்பாட்டின் சாந்தம், குடும்ப அமைப்பின் வலிமை, வினைப்பயன் குறித்த அச்சம் என்று முடிவுக்குத் தாவும் எழுத்துகளைச் சிற்றிதழ்ச் சூழலிலும் வாசிக்க நேர்கிறது. இதைவிடச் சோம்பலான வாதம் ஒன்று இருக்க முடியாது.

பின்லாந்தை எடுத்துக்கொள்வோம். 1950களின் தொடக்கத்தில் அங்கே விகிதம் ஏறத்தாழ 190. ஸ்காண்டிநேவிய அண்டை நாடுகளைவிடப் பன்மடங்கு அதிகம். அந்நூற்றாண்டின் இறுதியில் அது 60ஐ ஒட்டி வந்துவிட்டது. பின்லாந்துக்காரர்கள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. குற்றங்கள் அண்டை நாடுகளில் ஏறி இறங்கியதைப் போலவே அங்கும் ஏறி இறங்கின. திருட்டுக்கான தண்டனையைச் சட்டம் போட்டுக் குறைத்தார்கள், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களைச் சிறைக்கு அனுப்புவதைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவில் நடந்தது இதன் தலைகீழ்: 1990களின் தொடக்கத்திலிருந்து குற்றங்கள் குறைந்துகொண்டிருக்க, கைதிகளின் தொகை 2008 வாக்கில்தான் உச்சத்தைத் தொட்டது. ஆகவே இந்த விகிதம் குற்றத்தின் அளவுகோல் அன்று. யாரைப் பூட்டி வைப்பது என்று ஓர் அரசு எடுக்கும் முடிவின் அளவுகோல்.

நம்முடைய 40க்குள் இருப்பவர்கள் யார்? 2022இன் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் 5.73 லட்சம் பேர், அவர்களில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். இதைச் சாந்தம் என்று அழைப்பவர்களின் மனத்திடத்தை வியக்கிறேன்.

தமிழ்நாட்டுக்குத் தனிச்சிறப்பு ஒன்றும் உண்டு. 1982இல் வந்த குண்டர் சட்டம். காவல் ஆணையரோ மாவட்ட ஆட்சியரோ கையெழுத்திட்டால் ஓராண்டுவரை ஒருவரை விசாரணையின்றி அடைத்து வைக்கலாம். அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞரை நிறுத்தும் உரிமையும் அவருக்கில்லை. 2004இல் திருட்டு வீடியோ விற்போர் இதற்குள் வந்தனர். பிறகு மணல் கடத்துவோரும், 2014இல் இணையக் குற்றம் செய்வோரும் வந்தனர். இத்தகைய தடுப்புக்காவல் கைதிகளின் எண்ணிக்கையில் பல ஆண்டுகளாக நாட்டிலேயே முன்னணியில் நிற்பது நாம்தான். உயர்நீதிமன்றம் இவ்வுத்தரவுகளில் பலவற்றை ரத்து செய்கிறது, உண்மை. ஆனால் அதற்குள் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. புழலில் கழித்த மாதங்களை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர இயலாது. ஃபூக்கோவைப் பின்னட்டைவரை கரைத்துக் குடித்த நம் நண்பர்கள், 2006 முதல் இயங்கும் புழல் சிறையைப் பற்றி ஒரு பத்தியேனும் எழுதியிருக்கிறார்களா?

புழலுக்கு வடகிழக்கே காட்டுப்பள்ளி. முதலில் கப்பல் கட்டும் தளம், பிறகு துறைமுகம், 2018 முதல் அதானி குழுமத்தின் கையில். தளத்துக்காகக் குப்பத்து மீனவர்கள் இடம் பெயர்க்கப்பட்டார்கள். சற்றுத் தெற்கே எண்ணூர்க் கழிமுகம். 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் இறங்கியது. மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் அதை அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்தார் மூச்சுத் திணறி ஓடினார்கள். இவை குறித்த பொதுவிவாதம் முழுக்க ‘இழப்பீடு’, ‘நிவாரணம்’ என்ற சொற்களிலேயே நடந்தது. ‘கைது’ என்ற சொல் வடசென்னையின் தெருக்களுக்கு உரியது, அதன் ஆலைகளுக்கு உரியதன்று என்று நாமும் பழகிப்போனோம்.

இது வெறும் பழக்கமும் அன்று, இப்போது சட்டமே அப்படித்தான். 1986இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறுவோருக்கு ஐந்தாண்டுவரை சிறை என்றிருந்தது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ‘ஜன் விஸ்வாஸ்’ சட்டம் அந்தச் சிறையை நீக்கி, பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று மாற்றியது. ‘ஜன் விஸ்வாஸ்’ என்றால் மக்களின் நம்பிக்கை என்று பொருளாம். ஒரு சட்டத்தில் கதவை அகற்றுகிறோம், இன்னொன்றில் பூட்டைப் பெருக்குகிறோம். இரண்டையும் கூட்டிக் கழித்து வரும் 40ஐத்தான் உலகநாடுகளின் பட்டியலில் நம் பண்பாட்டுச் சான்றிதழாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.